கதை மாளிகையும் விளையாட்டுப் பட்டறையும்

(நந்தனத்தில் வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கதையைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் ஒருங்கே பேசுவதற்கு நந்தனத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் சென்னைப் பட்டணத்தில் வேறு இல்லையென்றே நினைக்கிறேன். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டில் தோற்றுவித்து, பின்னர் இங்கே வந்து வேரூன்றிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, விளையாட்டும் கல்வியின் ஓர் அங்கமே என்பதை இத்தேசத்துக்கு எடுத்துக் காட்டிய ஸ்தாபனம். அதே கல்லூரியின் மைதானத்தில்தான் சில ஆண்டுகளாக மார்கழியும் தையும் கூடும் பருவத்தில் புத்தகக் கண்காட்சி நடைபெற்று, குழந்தைகள் பெற்றோரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதைப் புத்தகக் கடைகளை நோக்கி ஓடும் காட்சியை நாம் காண்கிறோம். ஓடியாடும் குழந்தையும் கதை கேட்கும் குழந்தையும் ஒரே குழந்தைதான். ஆயினும் அக்குழந்தையின் பொழுதை நிரப்பப் புறப்பட்ட உலகப் பெரு ஸ்தாபனங்கள் இரண்டு, அதன் இருவேறு இயல்புகளை ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொண்டு இருவேறு வழிகளில் சென்றிருக்கின்றன. ஒன்று அமெரிக்காவின் டிஸ்னி. மற்றொன்று ஜப்பானின் நிண்டெண்டோ.

நிண்டெண்டோவை ஜப்பானிய டிஸ்னி என்று சொல்லும் வழக்கம் சில காலமாகப் பெருகியிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் ஒசாகா நகரில் நிண்டெண்டோவின் ஆட்டப் பாத்திரமான மாரியோவின் பெயரால் ஒரு கேளிக்கை உலகம் திறக்கப்பட்டதும், 2023இல் வெளிவந்த மாரியோ திரைப்படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததும் இந்த ஒப்புமைக்கு வலுவூட்டின. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது நியாயமான ஒப்புமைதான். ஆனால் அதை உள்ளே புகுந்து ஆராயும்போது நம்முடைய வடபழனியில் வாழ்ந்து மறைந்த மூன்றாவது ஸ்தாபனம் ஒன்றும் கண்முன் வந்து நிற்கிறது. அதைப் பற்றிப் பேசுவதே என் முக்கிய நோக்கமாகையால், அயல்நாட்டு ஸ்தாபனங்கள் இரண்டையும் முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டுக்கும் உள்ள ஒற்றுமைகளில் என்னை மிகவும் கவர்ந்தது, இரண்டின் புகழ்பெற்ற பாத்திரங்களும் ஓர் இழப்பிலிருந்தோ இல்லாமையிலிருந்தோ பிறந்தவை என்பதாகும். வால்ட் டிஸ்னி தம் சகோதரர் ராயுடன் 1923இல் தொடங்கிய சிறு படப்பட்டறை, ஆஸ்வால்ட் என்னும் முயலைக் கொண்டு ஓரளவு பெயர் பெற்றிருந்தது. 1928இன் தொடக்கத்தில் அதிகப் பணம் கேட்பதற்காக நியூயார்க் சென்ற வால்ட், அந்த முயலின் உரிமை தமக்கல்ல, படத்தை வெளியிட்டோருக்கே சொந்தம் என்பதையும், தம்மிடம் வேலை செய்த சித்திரக்காரர்களில் பெரும்பாலோரைச் சார்லஸ் மிண்ட்ஸ் என்ற விநியோகஸ்தர் தம் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டார் என்பதையும் ஒருசேர அறிந்தார். கைவிடாமல் உடனிருந்த அப் ஐவர்க்ஸ் என்னும் ஓவியருடன் சேர்ந்து அவர் உண்டாக்கியதுதான் மிக்கி என்னும் எலி. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது பேசும்படமாக வெளிவந்து உலகப் பிரசித்தியடைந்தது.

இதைப்போலவே, 1980க்குப் பிறகு நிண்டெண்டோ அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய ஓர் ஆட்டப் பெட்டி விலைபோகாமல் கிடங்கில் தேங்கிவிடவே, அப்பெட்டிகளுக்குள் வேறோர் ஆட்டத்தை அமைத்துத் தரும்படி ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளம் ஓவியரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் பாப்பாய் என்னும் சித்திரக்கதை மாலுமியைக் கொண்டே ஆட்டத்தை அமைக்க எண்ணினார். அதற்கான அனுமதி கிட்டவில்லை. கிட்டாத மாலுமியின் இடத்தில் ஒரு மீசைக்காரத் தச்சரையும், அவர் மீட்க வேண்டிய பெண்ணையும், அவளைத் தூக்கிச் சென்ற ஒரு குரங்கையும் தாமே கற்பித்தார். 1981இல் டாங்கி காங் என்ற பெயரில் வெளிவந்த அந்த ஆட்டத்தின் தச்சர்தான் பின்னாளில் குழாய் வேலைக்காரராகி மாரியோ என்னும் பெயர் பூண்டார். பிறருடைய பாத்திரத்தை நம்பியிருக்க முடியாத நிலை ஏற்பட்டபோதுதான் இவ்விரு பட்டறைகளுக்கும் தத்தம் சிருஷ்டி வாய்த்தது.

இவற்றிடையே நேரான உறவும் உண்டு. நிண்டெண்டோ 1889ஆம் ஆண்டிலேயே கியோட்டோ நகரில் ஃபுசஜிரோ யமாவுச்சி என்பவரால், பூக்கள் தீட்டிய ஹனஃபுடா சீட்டுகளைக் கையால் செய்து விற்பதற்காகத் தொடங்கப்பட்ட கடை. அவருடைய கொள்ளுப்பேரர் ஹிரோஷி யமாவுச்சி 1949இல் பொறுப்பேற்றபோது, சீட்டாட்டம் என்றாலே சூதாட்டம் என்ற எண்ணம் குடும்பங்களில் ஊறிக் கிடந்தது. அந்த எண்ணத்தை மாற்ற அவர் கைக்கொண்ட உபாயம், 1959இல் டிஸ்னியின் பாத்திரங்களைச் சீட்டின்மீது அச்சிடும் உரிமையைப் பெற்றதுதான்; சூதாடிகளின் கையிலிருந்த சீட்டுக்கட்டு குழந்தைகளின் கைக்கு வந்தது. கதையின் முகம் இல்லாமல் விளையாட்டு வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதை நிண்டெண்டோ டிஸ்னியின் வாசலில் நின்றுதான் கற்றது என்று நான் கருதுகிறேன்.

அதற்குப் பிறகு இரண்டும் சென்ற பாதைகள் வேறு. டிஸ்னியின் பாதையை அறிய, அந்த ஸ்தாபனமே 1957இல் வரைந்த ஒரு படத்தைப் பார்த்தால் போதும். நடுவில் திரைப்படம், சுற்றிலும் தொலைக்காட்சி, இசைத்தட்டு, சித்திரப் புத்தகம், பொம்மை வியாபாரம், டிஸ்னிலாந்து என்று வளையங்களும், ஒன்று மற்றொன்றுக்கு எதைக் கொடுத்து எதைப் பெறுகிறது என்பதைக் காட்டும் அம்புக்குறிகளுமாக அது விளங்குகிறது. 1955இல் திறந்த டிஸ்னிலாந்தைக் கட்டப் பணம் வேண்டியே டிஸ்னி தொலைக்காட்சிக்குள் புகுந்தார் என்பதை நினைத்தால், அந்த அம்புக்குறிகள் வெறும் அலங்காரமல்ல என்பது விளங்கும். ஒரே கதையைப் பத்து வாசல்களில் வைத்துப் படைக்கும் இந்தச் சாமர்த்தியம், வால்ட் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், கதைகளையே கிரயத்துக்கு வாங்கும் வழக்கமாக விருத்தியடைந்தது. 2006இல் பிக்ஸாரை 740 கோடி டாலருக்கும், 2009இல் மார்வெலையும் 2012இல் லூகாஸ் ஃபிலிமையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கும், 2019இல் ஃபாக்ஸ் ஸ்தாபனத்தின் பெரும்பகுதியை 7,100 கோடி டாலருக்கும் அது வாங்கியது.

நிண்டெண்டோவோ வாங்கிப் பெருகவில்லை. இடையில் வாடகைக் கார், உடனடிச் சோறு முதலிய வியாபாரங்களில் கைவைத்துப் பார்த்து, அவை பலிக்காமற்போகவே விளையாட்டுக்கே திரும்பிய அந்த ஸ்தாபனத்தின் போக்கை நிர்ணயித்தவர் குன்பெய் யோகோய் என்பவர். அவர் தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்க 1965இல் வேலைக்கு அமர்ந்தவர். ஓய்வு நேரத்தில் தாமே செய்துகொண்ட நீளும் கைக்கருவி ஒன்றைத் தலைவர் யமாவுச்சி கண்டு, அதையே பொம்மையாக்கி விற்கச் செய்தார். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கணக்குப் பொறியின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த யோகோய், 1980இல் உள்ளங்கையளவு ஆட்டக் கருவியைச் செய்தார். பழகிப்போய் விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் எண்ணாத புது உபயோகத்தில் நிறுத்துவது என்பதே அவருடைய சித்தாந்தம். 1989இல் அவர் குழுவினர் செய்த கேம் பாய் என்னும் கருவிக்கு வண்ணத்திரைகூட இல்லை. போட்டியாளரின் கருவிகளோ வண்ணத்தில் ஜொலித்தன. ஆயினும் அவை ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கித் தீர்க்க, இதுவோ நான்கு பாட்டரிகளைக்கொண்டு பல மடங்கு நேரம் ஓடியதால், குழந்தைகளின் சட்டைப்பையில் இடம்பிடித்தது இதுதான்.

இங்கேதான் இரண்டின் வேற்றுமை தெளிவாகிறது. டிஸ்னி குழந்தையின் கண்ணையும் செவியையும் நம்பி வாழ்கிறது. நிண்டெண்டோ அதன் கட்டைவிரலை நம்பி வாழ்கிறது. டிஸ்னியின் இளவரசி எந்த ஊரில் எத்தனை முறை பார்த்தாலும் அதே கணத்தில் கண்விழிக்கிறாள். மாரியோ குழியைத் தாண்டுவதோ, விழுவதோ விளையாடும் குழந்தையின் கையில் இருக்கிறது. அதனால்தான் மாரியோவுக்குக் குணசித்திரம் என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றும் இல்லாமலிருந்தும், தானே அவனாகிக் குழந்தை அவனை நேசிக்கிறது. டிஸ்னி பலமுறை முயன்றும் சொந்தமாக ஆட்டங்களைச் செய்து விற்கும் தொழிலில் நிலைபெறாமல், 2016இல் அதைக் கைவிட்டு, பிறருக்கு உரிமை கொடுப்பதோடு நின்றுவிட்டது. நிண்டெண்டோவும் 1993இல் தன் மாரியோ திரைப்படமாக வந்து படுதோல்வியடைந்ததைக் கண்டபின், முப்பது ஆண்டுகள் திரைப்பட உலகத்தின் பக்கம் பெரும்பாலும் திரும்பாமலேயே இருந்தது. ஒருவருடைய தொழில் மற்றவருக்கு எளிதில் கைகூடவில்லை. ஆகையால் நிண்டெண்டோவை ஒரு சிறிய டிஸ்னி என்று கொள்வது பொருந்தாது. டிஸ்னியில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரும் நிண்டெண்டோவில் சுமார் 8,000 பேரும் பணி செய்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்து அளப்பவர்களுக்கு இது புலப்படாது.

சென்னைக்கு இவ்விரண்டும் வந்த விதமும் வெவ்வேறு. 1990களில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விற்ற நகல் பெட்டிகள் வாயிலாக, நிண்டெண்டோவுக்கு ஒரு காசும் போய்ச் சேராமலேயே, மாரியோ நம் வீட்டுக் கூடங்களில் குதித்தான். எந்த ஸ்தாபனம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை, 'டிவி கேம்' என்ற பெயரே போதுமாக இருந்தது. டிஸ்னியோ, ஃபாக்ஸை வாங்கியதன் பயனாக, 2019இல் விஜய் தொலைக்காட்சிக்கே உடைமையாளராகி, நம் மாலைப்பொழுதின் நடுவில் வந்து அமர்ந்தது. 2024 நவம்பரில் அது ரிலையன்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, நூற்றுக்கு 37 பங்குக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தது.

இனி வடபழனிக்கு வருவோம்.

1947ஆம் ஆண்டில், பி. நாகிரெட்டியும் அவருடைய நண்பர் சக்ரபாணியும் குழந்தைகளுக்கென்று தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினார்கள். அந்த மாதப் பத்திரிகை நாளடைவில் பன்னிரண்டு மொழிகளுக்கு மேல் பரவி, கடல் கடந்து சிங்களத்திலும் வெளிவந்தது. அதே நண்பர்கள் விஜயா என்ற பெயரில் திரைப்படங்களையும் தயாரித்தார்கள். 'பாதாள பைரவி' 1951இலும், 'மிஸ்ஸியம்மா' 1955இலும், 'மாயா பஜார்' 1957இலும் வெளிவந்தன. வாஹினி ஸ்டூடியோவும் அவர்கள் வசமாகவே, விஜயா வாஹினி என்ற பெயர் தென்னாட்டுத் திரைத்தொழிலில் ஈடற்று நின்றது. சொந்த அச்சகம், சொந்தப் படப்பிடிப்புத் தளங்கள், குழந்தைப் பத்திரிகை, 1966 முதல் 'பொம்மை' என்னும் சினிமாப் பத்திரிகை என்று ஒரே குடைக்கீழ் இத்தனையும் இருந்ததை எண்ணிப் பாருங்கள். டிஸ்னி 1957இல் வரைந்த அந்தப் படத்தின் வளையங்களில் பாதியை, அதே 1957இல், வடபழனியில் கண்கூடாகக் காண முடிந்தது. 'மாயா பஜா'ரில் கடோத்கஜன் கல்யாண விருந்தை ஒற்றையாளாகச் சாப்பிடும் காட்சியில், லட்டுகள் தட்டிலிருந்து தாமே எழும்பி அவன் வாய்க்குள் பறந்து போகும் அற்புதத்தை, கணினி இல்லாத காலத்தில், மார்கஸ் பார்ட்லியின் காமிராவும் கே.வி. ரெட்டியின் இயக்கமும் எஸ்.வி. ரங்காராவின் சிரிப்பும் சேர்ந்து சாதித்தன. குழந்தையையும் பாட்டியையும் ஒரே கொட்டகையில் ஒரே கணத்தில் சிரிக்க வைக்கும் வித்தை கலிபோர்னியாவுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அந்த ஒரு காட்சியே சாட்சி. ஜெமினி ஸ்டூடியோவின் எஸ்.எஸ். வாசனும் 'ஆனந்த விகட'னையும் 'சந்திரலேகா'வையும் ஒருங்கே நடத்திய பெருவல்லாளரே. ஆனால் குழந்தையை மையமாக வைத்து வீடு கட்டியவர்கள் நாகிரெட்டியும் சக்ரபாணியுமே.

'அம்புலிமாமா'வின் தலையாய சிறப்பு, அது கதையையும் விளையாட்டையும் பிரிக்கவில்லை என்பதாகும். விக்கிரமாதித்தன் மரத்தின்மீதுள்ள பிணத்தை இறக்கித் தோள்மீது போட்டுக்கொண்டு மௌனமாக நடக்கிறான். பிணத்தினுள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்து சொல்லிவிட்டால் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். அந்தக் கேள்விக்கும் அரசனுடைய விடைக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து, தாங்களே அரசனாகி விடை தேடினார்கள். டிஸ்னியின் கதை கேட்பவனை அழைத்துக்கொண்டு போகிறது. நிண்டெண்டோவின் ஆட்டம் ஆடுபவனைத் தானாக நடக்க விடுகிறது. வேதாளமோ பாதிவழி அழைத்துச் சென்று, அங்கே நிறுத்தி, இனி நீ சொல் என்கிறது. ஒவ்வொரு இதழிலும் இரண்டு புகைப்படங்களை வெளியிட்டு, அவற்றுக்கு இசைவான வாசகங்களை எழுதியனுப்பும்படி வாசகர்களை அழைத்த போட்டியும் இந்த மனப்பான்மையின் விளைவே. அவ்விரு ஸ்தாபனங்களும் தனித்தனியே பற்றிய இரு நுனிகளையும் ஒரு மாதப் பத்திரிகை ஒரே கையில் பிடித்திருந்தது. இதை நான் ஊர்ப்பற்றினால் மிகைப்படுத்திச் சொல்லவில்லை; பழைய இதழ் ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு குழந்தையிடம் வாசித்துக் காட்டி, கேள்வியோடு நிறுத்திப் பாருங்கள்.

அப்படியானால் அந்த ஸ்தாபனம் ஏன் நிலைக்கவில்லை? மூலதனம் போதவில்லை, தொலைக்காட்சி வந்துவிட்டது, தொழிலாளர் தகராறு ஏற்பட்டது என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. 1998இல் பத்திரிகை நின்று மறு ஆண்டு மீண்டும் வெளிவந்ததும், 2007இல் மும்பைக் கணினித் தொழில் ஸ்தாபனம் ஒன்றின் கைக்கு மாறியதும், 2013இல் அடியோடு நின்றதும் நாம் அறிந்தவை. தொலைக்காட்சியைப் பழிக்கும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. டிஸ்னிக்கும் தொலைக்காட்சி வந்தது, அதையே ஏணியாக்கிக்கொண்டது. நிண்டெண்டோவோ தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு கம்பியை இணைத்து அதையே ஆட்டக்களமாக்கிவிட்டது. நான் மெய்யான காரணமாகக் காண்பது, கைகளின் பரம்பரை அறுந்துபோனதுதான்.

டிஸ்னியின் சரித்திரமே இதற்குப் பிரமாணம். வால்ட்டிடம் தொழில் பயின்ற மூத்த ஓவியர்களில் சிலர் 1970களில் கலிபோர்னியாக் கலைக் கல்லூரியில் இளைஞர்களுக்குப் பாடம் சொன்னார்கள். அங்கே பயின்ற ஜான் லாஸட்டர் என்ற இளைஞர் டிஸ்னியில் வேலைக்குச் சேர்ந்து, கணினியால் சித்திரப்படம் செய்யலாம் என்று வற்புறுத்தியதன் விளைவாக 1980களின் தொடக்கத்தில் வெளியே அனுப்பப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்த குழுவே பிக்ஸார் ஆயிற்று. பிறகு 740 கோடி டாலர் கொடுத்து டிஸ்னி திரும்ப வாங்கியது, தானே வளர்த்துத் தானே துரத்திய அந்தக் கையைத்தான். நிண்டெண்டோவும் இதில் குற்றமற்றதல்ல. யோகோய் 1995இல் செய்த ஒரு கருவி தோல்வியுற்றபின், மறு ஆண்டு அங்கிருந்து விலகினார். ஆயினும் அதன் தலைவர் சடோரு இவாட்டா, வியாபாரம் சரிந்த 2011இலும் 2014இலும் தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்; வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்கள் உலகத்தார் மனத்தைத் தொடும் ஆட்டங்களைச் செய்ய முடியாது என்ற கருத்தைச் சொல்லி, ஆட்குறைப்புக்கு இணங்க மறுத்தார். 1977இல் சேர்ந்த மியாமோட்டோ இன்றும் அங்கே இளையோருடன் பணி செய்கிறார். 2014இன் நஷ்டத்தைக் கண்டவர்கள் கலையாமல் இருந்த காரணத்தால்தான் 2017இல் ஸ்விட்ச் என்னும் கருவி பிறந்து 15 கோடிக்கு மேல் விற்றது என்பது என் துணிபு.

வடபழனியில் நடந்தது என்ன? சக்ரபாணி 1975இல் காலமானார். தெலுங்கு மூலத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் செப்பனிட்டு வந்த கொடவடிகண்டி குடும்ப ராவ் 1980இல் மறைந்தார். விக்கிரமனையும் வேதாளத்தையும் நம் மனத்தில் நிரந்தரமாக எழுதிய ஓவியர் சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன், 1950களின் தொடக்கத்தில் சேர்ந்து, பத்திரிகையின் அந்திமக் காலம் வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். அவருடைய உழைப்பை எத்தனை வணங்கினாலும் தகும். ஆனால் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அந்தத் தூரிகையின் வளைவைக் கற்று, அவருக்குப் பின் முப்பது ஆண்டு வரையக்கூடிய சிஷ்யர் வரிசை ஒன்று அந்த மாளிகையில் உருவாகவில்லை. அவர் 2020இல் சென்னையில் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வந்தது. அவருடைய வேதாளம் பொம்மையாகவில்லை, ஆட்டமாகவில்லை, உலகெங்கும் சென்ற சித்திரப்படமாகவில்லை. படப்பிடிப்புத் தளங்கள் இருந்த வடபழனி நிலத்தில் இப்போது மருத்துவமனையும் 2013இல் திறந்த பெரிய வணிக வளாகமும் நிற்கின்றன. பத்திரிகை நின்ற ஆண்டும் வளாகம் திறந்த ஆண்டும் ஒன்றாயிருப்பது என் நெஞ்சை மிகவும் வருத்துகிறது.

ஒரு விஷயத்தில் நமக்கு அனுகூலம் இருக்கிறது. மாரியோவை வரைய நிண்டெண்டோவின் அனுமதி வேண்டும். ஆஸ்வால்ட் முயலைத் திரும்பப் பெற டிஸ்னிக்கே 78 ஆண்டுகள் ஆயின. வேதாளமோ, பல்லாங்குழியோ, பரமபதமோ யாருடைய தனிச்சொத்தும் அல்ல. சென்னையில் இன்று விளையாட்டு மென்பொருளுக்கு உருவங்கள் வரையும் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டு ஸ்தாபனங்களின் அரக்கர்களுக்குச் செதில் தீட்டுகிறார்கள். சங்கர் பயின்றது பெரியமேட்டிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில். அந்தக் கல்லூரியில் குழந்தைகளுக்கான கதைச் சித்திரமும் ஆட்டச் சித்திரமும் பயிற்றுவதற்கென்று சங்கர் பெயரால் ஓர் ஆசிரியப் பதவி ஏற்படுத்தி, வெளிநாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும் மூத்த கலைஞர் ஒருவரை வாரம் இரண்டு நாளாவது அங்கே பாடம் சொல்ல அழைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். வீடுகளில் பழைய 'அம்புலிமாமா' இதழ்களை வைத்திருப்போர், பரணிலேயே கிடந்து செல்லரிக்க விடாமல், அவற்றைக் கல்லூரி நூலகத்துக்கோ கன்னிமாரா நூலகத்துக்கோ கொடுத்துதவ வேண்டும். பதவிக்கான மனுவொன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் கலையுமுன் வாசலருகே உள்ள மேஜையில் அது வைக்கப்பட்டிருக்கும். இசைவுள்ளவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.